தேறாத கீரை

அந்த ஆசிரமத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்து நான்கு. இதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை, சீடரைத் தவிர.

சீடர் பெயர் தெய்வநாயகம். சென்னையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் தண்ணீரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவர். மனைவி காலமான பிறகு, நிலக்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஆசிரமத்துக்கு ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தார். வந்து நான்கு வருடமாகிவிட்டது.

குருவின் பெயர் தவமணி. எல்லாரும் அம்மா என்பார்கள். முந்தைய குரு இருந்த காலத்தில் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர். பெரியவர் கண்மூடும் முன், இனி இவள் இருக்கட்டும் என்று கை காட்டிவிட்டுப் போனார். படித்த சீடர்கள் சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேறு ஆசிரமம் பார்த்துப் போய்விட்டார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் காலையில் காய் நறுக்குவார், கீரை ஆய்வார். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அப்போதுதான் கேட்க வேண்டும். கேட்கிறவரும் சும்மா உட்கார முடியாது, ஒரு கட்டு கீரை மடிக்கு வந்துவிடும்.

சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். விடியும் முன்பே பூவெடுக்கப் போகிறவர்கள் பதினோரு மணிக்கு ஆசிரமத்தில் வந்து சாப்பிடுவார்கள். தினமும் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. அரிசி, காய், கீரை எல்லாம் சுற்றுவட்டாரத்தில் பயிர்வைக்கும் சம்சாரிகள் கொடுப்பது.

சமையல்கட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காயானாலும் கிணற்றடியில் கழுவி, பெரியவரின் சமாதிக்கு முன்னால் வைத்து, தீர்த்தம் தெளித்த பிறகுதான் அதில் நகம் படலாம். தீர்த்தம் என்பது செப்புக்குடத்தில் பச்சைக் கற்பூரம் போட்ட தண்ணீர். அதில் சாயங்காலமே மல்லிகை மொட்டு மிதக்கவிட்டால் காலையில் குடம் முழுக்க மணக்கும். சாப்பிட வருகிறவர்களுக்கும் அதில்தான் ஆளுக்கு ஓர் உள்ளங்கை.

குடத்துப் பொறுப்பு தெய்வநாயகத்துடையது. எதிர்த் தோட்டத்திலிருந்து மொட்டை அவரே போய் வாங்கி வருவார், அவரே மிதக்கவிடுவார், அவரே தெளிப்பார். தெளிப்பது என்று பெயர்தான். பக்தி மிகுதியில் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிவிடுவார்.

அவரிடம் முன்பு வேலை பழகிய ஒருவர் சொந்தமாக ஒரு கருவி செய்து, பயன்படுத்திப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார். உள்ளங்கை அகலம். காய், தண்ணீர் எதிலும் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். பை நிறையச் சின்னச் சின்னக் காகிதப் பட்டைகளும் உடன் வந்தன.

அம்மா கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எப்படி ஐயா கண்டுபிடிக்குது?”

“இந்தப் பட்டையில ஒரு நொதி தடவியிருக்கும்மா. சுத்தமான இலைச்சாறு பட்டா நீலமாயிரும். மருந்து இருந்தா நொதி மயங்கிப்போயிரும், நீலம் வராது. எவ்வளவு நீலம்னு கருவி அளந்து, பச்சையோ சிவப்போ காட்டும்.”

“மயக்கம் போட்டு விழுறதை வெச்சுக் கண்டுபிடிக்குது.”

“அப்படித்தாம்மா.”

“மனுஷனுக்குப் பதிலா அது விழுது. நல்லதுதான்” என்றார் அம்மா.

முதல் வாரத்திலேயே கருவிக்குப் பேர் வந்துவிட்டது. சோணமுத்து என்ற சம்சாரி கொண்டுவந்த கத்திரிக்காய்க்குச் சிவப்பு காட்டியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “நேத்துத்தான் அடிச்சேன். அஞ்சு நாள் பொறுத்துப் பறிச்சிருக்கணும், அவசரப்பட்டுட்டேன்” என்று ஒப்புக்கொண்டார். தெய்வநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். ‘இன்றைய சோதனை’ என்று தலைப்பிட்டு, எந்தக் காய் தேறியது, எது தேறவில்லை, கொண்டுவந்தவர் யார் என்று தினமும் எழுதினார். ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் கொள்கை.

மழை விட்ட பிறகு ஒரு திங்கட்கிழமை, ஒச்சம்மா கொண்டுவந்த தண்டுக்கீரைக்குச் சிவப்பு வந்தது.

ஒச்சம்மா மூன்று வருடமாக ஆசிரமத்துக்குக் கீரை கொடுக்கிறவள். அதற்குப் போக மிச்சத்தைச் சந்தை முக்கில் உட்கார்ந்து விற்பாள். கீரை அவளிடமிருந்து மட்டும்தான் வரும்.

“எத்தனை நாள் முன்னாடி மருந்தடிச்ச?” என்று கேட்டார் தெய்வநாயகம்.

“நான் அடிக்கிறதே இல்லைங்கய்யா.”

“பக்கத்துத் தோட்டத்துல அடிச்சது காத்துல வந்திருக்குமோ?”

“பக்கத்துல மாட்டுச்சோளங்கய்யா. மாடு திங்கிறதுக்கு யாரு மருந்தடிப்பா?”

“அப்ப எப்படி வந்துச்சு?”

“அத நீங்கதான் சொல்லணும். கருவி உங்க கையிலல்ல இருக்கு.”

சோணமுத்து மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்காது. பலகையில் எழுதினார்: ‘தண்டுக்கீரை தேறவில்லை. கொண்டுவந்தவர்: ஒச்சம்மா.’

செவ்வாய்க்கிழமை அரைக்கீரை. சிவப்பு. புதன்கிழமை மறுபடியும் தண்டுக்கீரை. அதுவும் சிவப்பு. கத்திரிக்காய்க்கும் பூசணிக்கும் ஒன்றுமில்லை. அதெல்லாம் வழுவழுப்பான தோல், துடைத்துவிட்டுத்தான் நறுக்குவார்கள். இது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

பலகையைப் படித்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். படிக்காமலே தெரிந்துகொண்டவர்கள் இருநூறு பேர். புதன்கிழமை மத்தியானம் ஒச்சம்மா நிறைந்த கூடையோடு அம்மாவிடம் வந்து நின்றாள்.

“என் கூடையைப் பாத்துட்டுத் தாண்டிப் போறாகம்மா. மூணு வருஷமா வாங்குனவுக. ஒருத்தி புள்ளையக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறா, தொட்டுறாதங்கிறா.”

“உக்காரு” என்றார் அம்மா.

அவள் உட்காரவில்லை. “எங்க வீட்டுக்காரரு மல்லித் தோட்டத்துல மருந்தடிக்கப் போயித்தான் நுரை தள்ளிக் கெடந்தாரு. பொழைச்சு வந்தாரு, கை நடுக்கம் இன்னும் போகலை. அன்னையிலருந்து அந்த டப்பாவுக்கு எங்க வீட்டுல எடமில்ல. நான் போயி அடுத்தவன் சோத்துல அதக் கலப்பனா?”

சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தெய்வநாயகம் எல்லாவற்றையும் தூணருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு சரியில்லை. அம்மாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். கீரை இல்லாததால் அம்மா கொத்தவரங்காயைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பிடி எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

“மனுஷங்க ஒண்ணு சொல்றாங்க, கருவி ஒண்ணு சொல்லுது. எதைம்மா நம்பறது?”

“கருவி பொய் சொல்லுமா ஐயா?”

“சொல்லாதும்மா. தினமும் முதல்ல சுத்தமான தண்ணியை வெச்சுச் சோதிச்சிட்டுத்தான் மத்ததுக்கே போறேன். அதுல பச்சை வந்தாத்தான் கருவி சரியா இருக்குன்னு அர்த்தம்.”

“ஒச்சம்மா பொய் சொல்லுவாளா?”

“அது எப்படிம்மா தெரியும்? பயத்துல எல்லாரும் சொல்றதுதானே.”

“கருவியைச் சோதிக்கத் தண்ணி வெச்சீங்க. அவளைச் சோதிக்க என்ன வெச்சீங்க?”

தெய்வநாயகம் ஒரு கொத்தவரங்காயின் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“காலையில அவ தோட்டத்துக்குப் போவோம். பையை எடுத்துக்கங்க” என்றார் அம்மா.

வியாழக்கிழமை விடியும்போதே போய்ச் சேர்ந்தார்கள். முப்பது சென்ட் நிலம், குத்தகை. வரப்பில் ஒச்சம்மாவின் கணவர் கருத்தமாயன் வாழைநாரால் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார். நாரின் முனை கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டைக் கட்டி முடிக்க மற்றவர்கள் நான்கு கட்டு கட்டும் நேரம் ஆயிற்று. தெய்வநாயகம் அதைப் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி பையைத் திறந்தார்.

“எந்தப் பாத்தியில எடுக்கட்டும்?” என்று ஒச்சம்மாவிடம் கேட்டார்.

“நான் காட்டுனா, நல்லதாப் பாத்துக் காட்டிட்டாம்பீக. நீங்களே கிள்ளுங்க.”

அவர் மேற்கு மூலையில் கிள்ளினார். நடுவில் கிள்ளினார். சோளக்கொல்லையை ஒட்டிய வரிசையில் கிள்ளினார். வரப்பிலேயே சம்மணமிட்டு, முதலில் சுத்தமான தண்ணீர், பிறகு மூன்று இலைச்சாறு என்று முறைப்படி செய்தார்.

பச்சை. பச்சை. பச்சை.

ஒச்சம்மா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர்தான் தலைநிமிர்ந்து, “என்ன வந்துச்சு சாமி?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றார் தெய்வநாயகம். குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. திரும்பி வரும் வழியில் அம்மாவிடம் சொன்னார். “மூணு நாள் ஆச்சில்லம்மா. அடிச்சிருந்தாலும் இதுக்குள்ள வேகம் குறைஞ்சிருக்கும்.”

“இருக்கும்” என்றார் அம்மா. அவர் கையில் அந்தப் பாத்திகளிலிருந்து பறித்த ஒரு கட்டு கீரை இருந்தது. “இதையும் ஒருதரம் நம்ம சமையல்கட்டுல வெச்சுப் பாத்துருவோம். தினம் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க.”

அவர் தினமும் செய்கிற மாதிரியே செய்தார். கிணற்றடியில் கழுவினார். கூடையில் போட்டார். சமாதிக்கு முன்னால் வைத்தார். தீர்த்தம் தெளித்துக் கண்மூடிக் கும்பிட்டார். ஒரு தழையைக் கிள்ளிச் சாறெடுத்துப் பட்டையில் விட்டார்.

சிவப்பு.

தெய்வநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தார். சுத்தமான தண்ணீரை வைத்தார், பச்சை காட்டியது. கீரையை வைத்தார், சிவப்பு காட்டியது.

“அதே கட்டும்மா. ரெண்டு மணி நேரம்கூட ஆகலை.”

“அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள இதைத் தொட்டது என்னென்ன? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.”

“உங்க கை, என் கை.”

அம்மா உள்ளங்கையை நீட்டினார். துடைத்தெடுத்துச் சோதித்தார். இரண்டு பேர் கைக்கும் பச்சை.

“அப்புறம்?”

“கூடை.”

கூடையைக் கழுவிய தண்ணீருக்கும் பச்சை.

“அப்புறம்?”

“கிணத்துத் தண்ணி.”

அதுவும் பச்சை.

“அப்புறம்?”

“அவ்வளவுதாம்மா. வேற எதுவும் படலையே.”

அம்மா எழுந்து போய்ச் செப்புக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். மொட்டெல்லாம் மலர்ந்து, கூடம் முழுக்க மணத்தது.

“அம்மா, அது தீர்த்தம்.”

“ஆமா.”

“அதைப் போயி எப்படிம்மா...”

“முப்பத்தோரு வருஷமா எதைச் சோதிச்சீங்க?”

“தண்ணியை.”

அம்மா ஒரு கரண்டி மொண்டு அவருடைய சோதனைக் குப்பியில் ஊற்றினார்.

பட்டையில் நீலம் வருவதற்கான அறிகுறியே இல்லை. கீரைக்காவது ஒரு துளி நீலம் தெரிந்தது. கருவி சிவப்பு காட்டியது.

“கற்பூரம் இருக்கில்ல, அதனாலகூட இருக்கும்மா” என்றார் அவசரமாக. ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரில் பச்சைக் கற்பூரத்தை மட்டும் கரைத்து வைத்தார். பச்சை வந்தது. “குடத்துல செம்பு ஊறியிருக்கலாம்.” வேறொரு செப்புக்குடத்தில் தண்ணீர் நிரப்பி, முக்கால் மணி நேரம் காத்திருந்து வைத்தார். அதற்கும் பச்சைதான். கடைசியாக ஒரு டம்ளரில் பத்து மொட்டை ஊறப்போட்டார். அதற்குச் சிவப்பு வந்தது.

தன் குடம் என்றதும் இத்தனை விதமாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. ஒச்சம்மாவின் கீரையை மூன்று நாளும் ஒரே மாதிரி வைத்து, ஒரே மாதிரி எழுதியாயிற்று. இது அவருக்கே உறைத்தது. உறைத்ததும் அந்த வயதில், அத்தனை பேர் நடமாடுகிற கூடத்தில், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

எதிர்த் தோட்டத்து மேஸ்திரியைப் போய்க் கேட்டார். மேஸ்திரி ஒளிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை அடிச்சோம் சார். மழை விட்டதும் மொட்டுல புழு. அடிக்கலேன்னா ஒரு மொட்டு நிக்காது. நாளைக்கும் அடிக்கிறோம். ஏன் சார், நீங்க என்ன பூவைத் திங்கவா போறீங்க? சாமிக்குத்தானே.”

அவர் வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னார்.

“மூணு நாளா எல்லாரும் குடிச்சிருக்கோம்” என்றார் அம்மா.

“உள்ளங்கைத் தண்ணிதாம்மா, உடனே ஒண்ணும் ஆயிராது. ஆனா தினமும் உள்ள போகக் கூடாதது. சொல்லித்தான் ஆகணும்.”

“சொல்லுங்க.”

குடத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. தீர்த்தத்தைக் கால் படும் இடத்தில் ஊற்றக் கூடாது, செடிக்கு ஊற்றலாம் என்றால் இப்போது அதுவும் கூடாது. கிணற்றுக்குத் தூரமாக ஒரு குழி தோண்டிக் கொட்டி மூடினார்கள். அடுத்த நாள் சமாதிக்கு என்ன பூ வைப்பது என்று தெய்வநாயகம் கேட்டார். தண்ணீர் மட்டும் போதும் என்றார் அம்மா. “அதையும் வெச்சுப் பாத்துட்டு வைங்க.”

பதினோரு மணிக்குப் பூவெடுக்கிறவர்கள் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். தெய்வநாயகம் கைகூப்பிக்கொண்டு நடுவில் நின்றார். மொட்டில் மருந்து இருந்ததையும், அதைத் தான்தான் தீர்த்தத்தில் போட்டதையும், மூன்று நாளாக அவர்கள் அதைக் குடித்ததையும் சொன்னார். யாருக்காவது தலை சுற்றினாலோ குமட்டினாலோ சொல்ல வேண்டும் என்றார்.

ஓரத்தில் இருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“நாங்க விடியுமுன்ன இருந்து அந்த மொட்டுக்குள்ளதான்யா கெடக்கோம். எங்களுக்குத் தலை சுத்தாத நாளு ஏது? உள்ளங்கைத் தண்ணிக்குப் போயி கையக் கும்புடுறீக.”

எல்லாரும் சிரித்தார்கள். தெய்வநாயகத்தால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை.

பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘தீர்த்தம் தேறவில்லை. பூ கொண்டுவந்தவர்: தெய்வநாயகம். கீரையில் குற்றமில்லை.’

சாயங்காலம் ஒச்சம்மாவின் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள்.

“பலகையில எழுதியாச்சு. உன் பேரை எடுத்துட்டேன், என் பேரைப் போட்டுட்டேன்” என்றார்.

“என் பேரு பலகையில ஏறுன அன்னைக்கே சந்தைக்கு வந்துருச்சுய்யா. உங்க பேரு பலகையிலேயே நிக்குது.”

ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் தெய்வநாயகம் பையை எடுத்துக்கொண்டு சந்தை முக்குக்குப் போனார். ஒச்சம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வெள்ளை வேட்டியும் கண்ணாடியுமாக ஒரு பெரிய மனிதர் கீரைக்கூடைக்குப் பக்கத்தில் மின்னுகிற கருவியோடு உட்கார்ந்திருந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? அவர் எல்லாருக்கும் முன்னால் ஒரு தழையைக் கிள்ளிச் சாறெடுத்து, பட்டையில் விட்டு, கால் மணி கழித்துக் கருவியைத் தூக்கிக் காட்டினார். பச்சையைப் பார்த்ததும் கைகள் கூடைக்கு வந்தன. எட்டு மணிக்குள் கூடை காலி. சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டம் அதிகம், ஏழரைக்கே தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை அமாவாசை. பூஜை வேலையில் அவரால் போக முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒச்சம்மாவின் கீரைதான், அம்மா ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கட்டு அவர் மடிக்கு வந்தது.

“சந்தையில எப்படிப் போகுது ஐயா?”

“ரொம்ப நல்லாப் போகுதும்மா. இன்னிக்கும் எட்டு மணிக்குள்ள தீந்துருச்சு. ஒச்சம்மா பட்ட கஷ்டத்துக்கு ஏதோ நம்மாலானது.” சொல்லும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது.

“பூ விஷயத்தை அங்கே சொன்னீங்களா?”

“அதுக்கு அவசியமே வரலைம்மா. பச்சையைக் காட்டுனதும் வாங்கிட்டாங்க.”

“நேத்து நீங்க போகலையே.”

“ஆமாம்மா, அமாவாசை.”

“நேத்து எவ்வளவு வித்துச்சு?”

தெய்வநாயகம் ஒரு தண்டை ஒடித்துப் போட்டார். “முக்காவாசி திரும்பி வந்துருச்சாம்.”

“ஒச்சம்மா என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலைம்மா.” பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார். “‘நீங்க வர்ற அன்னைக்கு உங்க கீரையை வாங்குறாக, நான் தனியா இருக்கிற அன்னைக்கு என் கீரையைத் தொட மாட்டேங்கிறாக’ன்னா.”

அம்மா பூச்சி அரித்த இலை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். ஆய்ந்த கீரையை முறத்தில் சேர்த்தார்.

“நாளைக்குப் போகும்போது கருவி இங்கேயே இருக்கட்டும் ஐயா. சமையல்கட்டுக்கு வேணும்.”

“அது இல்லாம நான் அங்க போயி என்னம்மா செய்ய?”

“பக்கத்துல உக்காருங்க. பலகையில எழுதுனதை வாயால சொல்லுங்க.”

தெய்வநாயகத்தின் கை நின்றுவிட்டது. சந்தையையும், அங்கே வருகிற முகங்களையும், தன் குரலையும் நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

“கையில ஒண்ணுமே இல்லாம, வெறும் வாயால நான் சொன்னா யாரும்மா நம்புவாங்க?”

“மூணு நாள் அவ அப்படித்தான் நின்னா, ஐயா” என்றார் அம்மா.